உண்ணாத சோற்றுக்குக் கொடுத்த பணம்

சிக்கனம் சிறந்த குணம் என்பதை மறுப்பார் ஒருவரும் இலர். வரவறிந்து செலவு செய்க என்று நம் முன்னோர் மொழிந்ததும், தோட்டத்து லயங்களில் நம் தாய்மார் உலையிலிடும் அரிசியினின்று தினம் ஒரு பிடியைத் தனிப்பானையில் ஒதுக்கி வைத்ததும் அக்குணத்தின் பெருமையையே காட்டும். அத்தகைய சிக்கனமே ஒரு பெண்ணை மூன்று மாத காலம் அரைவயிற்றோடு இருக்கச் செய்தது. மிச்சப்படுத்தியதாக அவள் எண்ணிய பணத்தையும் ஒரு காசு மீதமின்றிக் கரைத்தது. இப்படி நாம் கூறினால் வாசகர்கள் நம்பத் தயங்குவார்கள். ஆயினும் அது நடந்தது. நம் குடும்பத்திலேயே நடந்தது. அதற்குக் காரணமானவர்களுள் முதல்வர் நாமே. பிறர் குற்றத்தை எடுத்துரைப்பது எளிது. தம் குற்றத்தை எழுதுவது அரிது. ஆயினும் நம்மவர் பிள்ளைகள் கடல் கடந்து படிக்கப் போகும் இக்காலத்தில், நம் அறியாமையால் விளைந்ததை மறைத்து வைப்பது முறையாகாது எனக் கருதியே இதை எழுத முற்பட்டோம்.

நமது தங்கை பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் முதலில் பால்மரத்திலும், அது அழிந்து செம்பனை வந்தபின் செம்பனையிலும் உழைத்து ஓய்ந்தவர். அவர்களுக்கு ஒரே மகள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் தொடங்கிய அவள் கல்வி, கோலாலம்பூரை அடுத்த தனியார் கல்லூரி ஒன்றில் இரண்டாண்டு நடந்து, மீதி இரண்டாண்டை அமெரிக்காவில் முடிக்கும் வழியைத் திறந்தது. அங்குள்ள பல்கலைக் கழகம் ஒன்று கட்டணத்தில் ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுத்தது. தகப்பனார் ஊழியர் சேமநிதியில் பிள்ளையின் கல்விக்கென எடுக்கச் சட்டம் இடந்தரும் தொகையை எடுத்தார். தங்கை தன் நகைகளைக் கழற்றினாள். அப்போது நாம், "படிப்புச் செலவு அப்பனுக்கு, சோற்றுச் செலவு மாமனுக்கு" என்று வாக்களித்தோம். மாமன் சீர் என்று பட்டும் பாத்திரமும் கொடுப்பதைவிட இது மேலல்லவா என்ற பெருமிதமும் நமக்கு உண்டாயிற்று.

விமான நிலையத்தில் விடை கொடுக்கும்போது நாம் அவளிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "பார்த்துச் செலவு செய், அம்மா." அந்த வாக்கியம் அவளுடன் கடல் கடந்து போய்ச் செய்த வேலையை இனிக் கூறுவோம்.

2024 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அப்பல்கலைக் கழகத்தின் பட்டியல் வந்தது. கல்விக் கட்டணம், அறை வாடகை ஆகியவற்றின் கீழே 'உணவுத் திட்டம்' என்று ஒரு வரி இருந்தது. விடுதியில் தங்குவோர் உணவுத் திட்டம் ஒன்றை வாங்கியே தீரவேண்டும் என்பது அங்கே விதி. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில், விடுதியில் தங்கும் முதலாண்டு மாணவர்க்கேனும் இவ்விதி உண்டு. திட்டங்கள் மூன்று காட்டப்பட்டிருந்தன. ஒன்று, எத்தனை முறை வேண்டுமாயினும் உணவுக் கூடத்துக்குப் போய் உண்ணலாம் என்பது. இரண்டாவது, வாரத்துக்கு 14 வேளை. மூன்றாவது, பருவம் முழுமைக்கும் சேர்த்து 150 வேளை. பின்னிரண்டு திட்டங்களுடனும் 200 டாலர் 'உணவுப் பணம்' என்று தனியே கிடைக்கும்.

நாம் காகிதமும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். வாரம் 14 வேளைத் திட்டத்தின் விலை 2,664 டாலர். உணவுப் பணம் 200 டாலரைக் கழித்தால் 2,464. பருவம் 16 வாரம். ஆகவே 224 வேளை. ஒரு வேளைக்கு 11 டாலர். 150 வேளைத் திட்டத்தின் விலை 2,150 டாலர். அதிலும் 200 கழிய, ஒரு வேளைக்கு 13 டாலர். பதினொன்று பெரிதா, பதின்மூன்று பெரிதா என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். காலையில் ரொட்டி, பகலும் இரவும் உணவுக் கூடம், நாளுக்கு இரண்டாக ஏழு நாளைக்குப் பதினான்கு. கணக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று நம்மை நாமே மெச்சிக்கொண்டு 14 வேளைத் திட்டத்துக்குப் பணம் கட்டினோம். அத்துடன் நில்லாமல், "எல்லா வேளையும் உண்ண முடியாவிட்டாலும் கவலையில்லை, மிச்சம் பிடித்தால் அடுத்த பருவத்துக்கு உதவும்" என்றும் எழுதினோம். அப்படி உதவும் என்று நமக்கு யார் சொன்னார்? ஒருவரும் சொல்லவில்லை. கட்டிய பணம் கட்டியவனுடையதாகத்தானே இருக்கும் என்ற உலகியல் எண்ணமே அவ்வாறு எழுதச் செய்தது.

அவளுக்குத் தெரிந்த கணக்குமுறை தோட்டத்துக் கணக்குமுறை. மலாயா நாட்டில் வளர்ந்தவர்க்கு 555 என்னும் எண் அச்சிட்ட சிறு குறிப்புப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் வாங்கிய பற்றும், கொடுத்த வரவும் அதில் ஏறும். எழுதியது எழுதியபடி நிற்கும், தீர்க்கும்வரை அழியாது. அவள் அத்தகைய புத்தகம் ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தாள். வாரந்தோறும் அதில் எழுதினாள்: 'தந்தது 14, உண்டது 8, மிச்சம் 6.' கைப்பேசியில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் 14 என்ற எண்ணே தோன்றியது. அது அந்த வாரத்துக்குரிய புதுப்பங்கு என்றும், பழைய மிச்சம் வேறோரிடத்தில் சேர்ந்துகொண்டிருக்கிறது என்றும் அவள் எண்ணிக்கொண்டாள்.

நாளுக்கு ஒரு முறையே உணவுக் கூடத்துக்குப் போனாள். ஞாயிறு மட்டும் இரு முறை. மற்ற வேளைகளில் பாலில்லாத கோப்பியும், வளாகக் கடையில் வாங்கிய ரொட்டியும் வாழைப்பழமும் அவளுக்கு ஆகாரம். அவற்றை வாங்கியது எதைக்கொண்டு? அந்த 200 டாலர் உணவுப் பணத்தைக் கொண்டு. அக்டோபர் முடிவதற்குள் அது தீர்ந்துவிட்டது. அதன்பின் சில நாள் இரவில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தோம். நாமும் அவள் தாயும், "சாப்பிட்டாயா?" என்று கேட்டு அனுப்பும் செய்திகளுக்கெல்லாம், "சாப்பிட்டேன், மாமா, சாப்பிட்டேன், அம்மா" என்பதே மாறாத மறுமொழி. மாமன் பணத்தை வீணாக்கக் கூடாது என்ற நன்றியுணர்ச்சியே அவளை அப்படி எழுதச் செய்தது.

நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை அமெரிக்கர்க்கு நன்றி நவிலும் திருநாள். 2024 இல் அது 28 ஆம் தேதி வந்தது. அந்நாட்டவர் தத்தம் ஊருக்குப் போய்க் குடும்பத்துடன் உண்டு மகிழும் நாள் அது. விடுதிகள் வெறிச்சோடிவிடும். உணவுக் கூடங்களையும் பல கல்லூரிகளில் மூடிவிடுவார்கள். அவள் படித்த இடத்தில் புதன் பகலுணவோடு மூடி, ஞாயிறு இரவே மறுபடி திறப்பது என்று விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். புதன் மாலை அவள் புத்தகத்தைப் பார்த்தாள்: 13 வாரம், வாரம் 6, மிச்சம் 78 வேளை. அதில் ஒரு பத்து வேளையைக் கேட்டு வாங்கி அறையில் வைத்துக்கொள்ளலாம் என்று போனவள், பூட்டிய கதவைக் கண்டாள். கதவருகே துப்புரவு செய்துகொண்டிருந்த ஊழியர் ஒருவர் இரக்கத்துடன் நின்று விளக்கினார். வாரத்து வேளைகள் அந்த வாரத்துக்கே உரியவை. ஞாயிறு நள்ளிரவு கடந்ததும் உண்ணாதவை அழிந்துபோம். திங்கள் காலையில் புதிய 14 பிறக்கும். அவளுக்கு மிச்சமென்று எக்காலத்திலும் எதுவும் இருந்ததில்லை.

நமக்கும் அவர்களுக்கும் இடையே 14 மணி நேர வேறுபாடு. இங்கே வியாழன் காலை ஒன்பது மணி இருக்கும். தொலைபேசி மணி அடித்தது. "மாமா, நான் மிச்சம் பிடித்ததெல்லாம் வாராவாரம் அழிந்துபோய்விட்டதாம்" என்றாள். பசிக்கிறது என்று அவள் சொல்லவில்லை. கையில் காசில்லை என்றும் சொல்லவில்லை. உம்முடைய பணத்தைத் தொலைத்துவிட்டேன், மன்னியுங்கள் என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பேச்சைக் கேட்டபோது நமக்கு உண்டான வெட்கத்தை எழுதிக் காட்ட இயலாது. நாம் அனுப்பிய பணம் அவள் கைக்குப் போய்ச் சேர இரண்டு நாள் ஆயின. அதுவரை, ஊருக்குப் போக வழியில்லாமல் விடுதியிலேயே தங்கியிருந்த நேப்பாள நாட்டு மாணவியொருத்தி தன் சோற்றுப் பானையில் இவளுக்கும் ஒரு பங்கு வைத்தாள். முகமறியாத அப்பெண்ணுக்கு இன்றளவும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அதன்பின்தான், முதலில் செய்திருக்க வேண்டிய வேலையைக் கடைசியில் செய்தோம். அந்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றின் விதிகளை வரிவரியாகப் படித்தோம். பெயர்கள் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். உள்ளீடு பெரும்பாலும் ஒன்றே. ஒரே அட்டையில் மூன்று பைகள் தைத்திருக்கின்றன என்று வாசகர்கள் எண்ணிக்கொள்ளலாம்.

முதற்பை வேளைப் பை. கூடத்தின் வாயிலில் அட்டையை ஒரு முறை தேய்த்தால் ஒரு வேளை கழியும். உள்ளே சென்றவர் வயிறு கொண்டமட்டும் உண்ணலாம். ஒரு கவளம் உண்டாலும், ஒன்பது தட்டு உண்டாலும் கழிவது ஒன்றே. இதிலே வாரக் கணக்கென்றும் பருவக் கணக்கென்றும் இரு வகை. வாரக் கணக்கு வாரக் கடைசியில் அழியும். பருவக் கணக்கு பருவக் கடைசியில் அழியும். இவ்வேளைகள் பணமல்ல, பணமாக மாற்றித் தரப்படுவதுமில்லை. சில கல்லூரிகளில் ஒரு வேளையைக் கொடுத்து வளாகத்துச் சிற்றுண்டிக் கடையில் குறிப்பிட்ட உணவு வாங்க இடமுண்டு. விருந்தினரை அழைத்துச் செல்லச் சில வேளைகளைத் தனியே தருவதும் உண்டு.

இரண்டாம் பை உணவுப் பணம். இது ஒரு டாலருக்கு ஒரு டாலராகக் கழியும். கல்லூரிக்குள் இருக்கும் கோப்பிக் கடை, சாமான் கடை முதலிய இடங்களிலேயே செல்லும். இலையுதிர் பருவத்து மிச்சம் இளவேனிற் பருவத்துக்கு வருவது பல இடங்களில் வழக்கம். ஆயினும் கல்வியாண்டு முடியும்போது பெரும்பாலும் இதுவும் அழியும்.

மூன்றாம் பை வளாகப் பணம். துணி துவைக்கும் எந்திரம், அச்சிடும் எந்திரம், புத்தகக் கடை, சில இடங்களில் ஊருக்குள் இருக்கும் கடைகள் ஆகியவற்றிலும் இது செல்லும். இதற்கு ஆயுள் அதிகம். படிப்பு முடிந்து போகும்போது எழுதிக் கேட்டால் மிச்சத்தைத் திருப்பித் தரும் கல்லூரிகள் உண்டு. கேளாதவர்க்குத் தானே வந்து சேர்வது அரிது.

இம்மூன்றையும் அறிந்தபின் நமது மருமகள் செய்த பிழை எது என்பது விளங்கிற்று. வாரந்தோறும் சாகும் வேளையை அவள் பொன்போலக் காத்தாள். நெடுநாள் உயிரோடிருக்கும் உணவுப் பணத்தை முதலில் செலவழித்தாள். எது முதலில் அழியுமோ அதை முதலில் உண்ணவேண்டும். கீரையிருக்கக் கருவாட்டை எடுத்துச் சமைக்கும் குடும்பப் பெண் உண்டோ? அட்டைக்குள் எது கீரை, எது கருவாடு என்று அவளுக்கு நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

கணக்கையும் திரும்பப் போட்டோம். பதின்மூன்று வாரத்தில் அழிந்தவை 78. திருநாள் வாரத்தில் அவள் உண்டது 5, அழிந்தது 9. ஆக 87 வேளை. வேளைக்கு 11 டாலராக 957 டாலர். நம் பணத்தில் நான்காயிரம் வெள்ளிக்கு மேல். கடைசி இரண்டு வாரமும் பதினான்கு வேளையும் தவறாமல் உண்டாள். பருவம் முழுவதும் அவள் உண்டவை 137. நாம் கொடுத்த 2,464 டாலரை அதனால் வகுத்தால், ஒரு வேளைக்கு ஏறக்குறைய 18 டாலர் விழுகிறது. பதின்மூன்று டாலர் அதிகம் என்று ஒதுக்கிய நாம் பதினெட்டு டாலர் கொடுத்திருக்கிறோம். அந்த 150 வேளைத் திட்டத்தை எடுத்திருந்தால் 514 டாலர் கையில் நின்றிருக்கும். பிள்ளையும் வாரக் கெடுவின்றி உண்டிருப்பாள். விலையைக் கொடுக்கும் வேளையால் வகுப்பது விற்பவன் கணக்கு. உண்ணும் வேளையால் வகுப்பதே வாங்குபவன் கணக்கு.

இதைக் கேட்டு அங்குள்ளவர்களைக் கொள்ளைக்காரர் என்று ஏசுவது எளிது. நாமும் முதலில் ஏசினோம். நிதானித்து நோக்கியபோது அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருப்பதைக் கண்டோம். ஆயிரம் பேர் வந்தாலும் ஐந்நூறு பேர் வந்தாலும் உணவுக் கூடத்தில் அடுப்பு எரியவேண்டும். சமையற்காரர்க்கும் துப்புரவாளர்க்கும் சம்பளம் கொடுக்கவேண்டும். அச்செலவு பருவத் தொடக்கத்திலேயே உறுதிப்படவேண்டும் என்பதற்காகவே விடுதி மாணவர் அனைவரும் முன்பணம் கட்டவேண்டும் என்று விதிக்கிறார்கள். பத்தொன்பது வேளைக்குப் பணம் கட்டியவர் பத்தொன்பது வேளையும் வரமாட்டார் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. எத்தனை வேளை தவறும் என்று மதிப்பிட்டே விலையை அமைக்கிறார்கள். ஆகவே தவறாமல் உண்பவன் விலை மலிவென்பான். தவறவிடுபவன் அவனுக்கும் சேர்த்துக் கொடுக்கிறான். தவறவிடுபவர் யார் என்று பார்த்தால், நேரமின்றி வேலைக்கு ஓடும் ஏழை மாணவரும், விதி தெரியாத அயல்நாட்டு மாணவரும் அவர்களுள் இருக்கிறார்கள். நம் மனத்தை உறுத்துவது அதுவே.

கல்லூரிச் சோற்றைப் பற்றிய வழக்கு அந்நாட்டில் புதிதன்று. 1766 ஆம் ஆண்டில் ஹார்வர்டுக் கல்லூரி மாணவர்கள், கெட்டுப்போன வெண்ணெயைப் பரிமாறுகிறார்கள் என்று கிளர்ந்தெழுந்தனர். அந்நாளில் மாணவர்கள் கல்லூரிப் பொதுக்கூடத்திலேயே உண்ணவேண்டும் என்பது கட்டுப்பாடு. வேறிடத்தில் உண்ண உரிமையுள்ளவன் வெண்ணெய்க்காகக் கலகம் செய்யமாட்டான்; எழுந்து போய்விடுவான்.

ஒரே இடத்தில் மட்டும் செல்லும் பணம் எத்தகையது என்பதைத் தொழிலாளர் உலகம் நன்கு அறியும். அமெரிக்காவின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில், கூலியின் ஒரு பகுதியைச் சுரங்க முதலாளியின் கடையிலேயே செல்லும் வில்லைகளாகவும் சீட்டுகளாகவும் கொடுத்த காலம் உண்டு. பிரிட்டனில் அத்தகைய வழக்கத்தைத் தடுக்க 1831 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்ற நேர்ந்தது. நம் தோட்டங்களில் வில்லைக்குப் பதில் பற்றுக் கணக்கு அவ்வேலையைச் செய்தது. நம் தாயார் பால்மரம் வெட்டிய காலத்தில், சம்பள நாளன்று ஆபீசு வாசலில் கடைக்காரர் புத்தகத்தோடு நிற்பார். கூலி கையில் படுமுன் கணக்குத் தீரும். வேறு கடையில் அரிசி மலிவென்று தெரிந்தாலும் அங்கே போகக் கால் எழாது. இந்நாட்டில் 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 26 ஆம் பிரிவு, கூலியை எந்த இடத்தில், எவ்வாறு, யாரிடம் செலவழிக்கவேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதிப்பது செல்லாது என்கிறது. தொழிலாளியின் காசு எக்கடைக்கும் போகும் உரிமையுடைய காசாக இருக்கவேண்டும் என்பதே அதன் கருத்து.

கூலியும் உணவுத் திட்டமும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. கூலி உழைத்துப் பெறுவது. இது விரும்பிச் சென்று வாங்குவது. ஆயினும் ஒற்றுமை ஒன்று உண்டு. எந்தக் கடைக்கும் போகக்கூடிய நம் நல்ல பணத்தை, ஒரே கடைக்குப் போகக்கூடிய பணமாக நாமே மாற்றிக் கொடுக்கிறோம். மாற்றியபின் அதற்குக் கெடுவும் உண்டு. ஆகவே தேவைக்கு மேல் ஒரு டாலரும் மாற்றலாகாது. மாற்றியதைக் கெடுவுக்குள் தயங்காது செலவிடவேண்டும்.

இதைத் தங்கைக்கு விளங்கச் செய்ய வேண்டிய வேளை 2025 ஆம் ஆண்டில் தானே வந்தது. அவ்வாண்டு அரசாங்கம் பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் அனைவர்க்கும் மைகாட் அட்டைவழி 100 ரிங்கிட் கொடுத்தது. ஆகஸ்டு 31 முதல் டிசம்பர் 31 வரை, குறிப்பிட்ட கடைகளில், குறிப்பிட்ட வகைச் சாமான்களுக்கே அது செல்லும். தங்கை அதைத் தொடாமல் வைத்திருந்தாள். "இருக்கட்டும், அண்ணா, தைப்பொங்கலுக்கு ஆகும்" என்றாள். தைப்பொங்கல் சனவரியில் வருவதல்லவா? நாம் சிரிக்கவில்லை. மகள் அமெரிக்காவில் செய்ததையே தாய் பேராக்கில் செய்ய இருந்தாள். இருவர்க்கும் அந்தச் சிக்கனத்தைக் கற்பித்தது ஒரே வீடு. அன்று மாலையே அவளை அழைத்துக்கொண்டு போய் அரிசியும் எண்ணெயும் வாங்கி வந்தோம்.

இன்னுமொன்றும் கூறவேண்டும். உண்ணப்படாத வேளைகள் அழியும் அதே கல்லூரிகளில், உண்ண வழியில்லாத மாணவரும் இருக்கிறார்கள். அமெரிக்கப் பேராயத்துக்குக் கணக்காய்ந்து உரைக்கும் அரசாங்க அலுவலகம் 2024 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, 2020 இல் கல்லூரி மாணவருள் ஏறக்குறைய 23 விழுக்காட்டினர், அதாவது 38 இலட்சம் பேர், போதிய உணவுக்கு உறுதியில்லாதிருந்தனர் என்று மதிப்பிடுகிறது. செல்வம் கொழிக்கும் நாட்டில் இந்நிலை! இதைக் கண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பல்கலைக் கழக மாணவர் சிலர் 2010 ஆம் ஆண்டையொட்டி ஓர் இயக்கம் தொடங்கினர். தமக்கு மிஞ்சும் வேளைகளைப் பசித்தவர்க்குக் கொடையாக மாற்றும்படி கல்லூரியை வேண்டினர். 'ஸ்வைப் அவுட் ஹங்கர்' என்னும் பெயரில் அது பின்னர்ப் பல கல்லூரிகளுக்குப் பரவியது. எவரும் உண்ணாமல் அழியும் வேளையைப் பசித்தவர் வாயில் சேர்ப்பித்த அவ்விளைஞர்களைப் போற்றுகிறோம்.

2025 சனவரியில் பருவம் தொடங்கியபோது, திட்டத்தை மாற்றிக்கொள்ள இரண்டு வாரத் தவணை இருந்தது. மருமகள் 150 வேளைத் திட்டத்துக்கு மாறினாள். விதியை இம்முறை நாங்கள் இருவரும் தொலைபேசியில் சேர்ந்தே படித்தோம். உணவுக் கூடத்திலேயே அவளுக்கு வேலையும் கிடைத்தது. அயல்நாட்டு மாணவர் பருவ நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மிகாமல் வேலை செய்யலாம் என்பது அந்நாட்டு விதி. வேலை முறையின்போது ஒரு வேளை உணவு இலவசம். இளவேனில் விடுமுறைக்குக் கூடம் மூடுமென்று முன்னரே அறிந்து, உணவுப் பணத்தில் அரிசியும் பருப்பும் வாங்கி வைத்தாள்; நேப்பாளத் தோழிக்கும் சேர்த்துச் சமைத்தாள். மே மாதம் பருவம் முடியும்போது மிஞ்சியது ஆறு வேளை. அவ்வாறையும் கொடைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, 555 புத்தகத்தில் 'மிச்சம் 0' என்று எழுதி, அதைப் படமெடுத்து நமக்கு அனுப்பினாள். நாம் பெற்ற பரிசுகளுள் அதுவே சிறந்தது.

பெற்றோர்களே, பிள்ளைகளை அனுப்ப இருப்போரே! பணம் கட்டுமுன் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். எந்தத் திட்டம் கட்டாயம், எது விருப்பம்? அனுமதிக்கப்பட்ட திட்டங்களுள் மிகச் சிறியது எது? வேளைகள் வாரத்தில் அழியுமா, பருவத்தில் அழியுமா? உணவுப் பணம் அடுத்த பருவத்துக்கு வருமா? திட்டத்தை மாற்றக் கடைசி நாள் எது? விடுமுறையில் கூடம் திறந்திருக்குமா? முன்னதாகவே போய்ச் சேரும் பிள்ளைக்கு முதல் வேளை என்றைக்குத் தொடங்கும்? இடையில் படிப்பை நிறுத்த நேர்ந்தால் எவ்வளவு திரும்பும்? இவற்றுக்கு விடையை எழுத்தில் பெறுங்கள். சிறிய திட்டத்தில் தொடங்குவோர் போதாவிட்டால் பின்னர்ப் பணம் சேர்த்துக்கொள்ளலாம். பெரியதில் தொடங்கியவர் தவணை கடந்தபின் குறைத்துக்கொள்வது அரிது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லியனுப்புங்கள். உண்பதில் மிச்சம் பிடிப்பது சிக்கனமன்று. பணம் கொடுத்தாகிவிட்ட சோற்றை உண்ணாமல் விடுவது வீண் செலவுகளுள் எல்லாம் தலையாயது. கெடுவது பணம் மட்டுமன்று, படிக்கும் பிள்ளையின் உடலும் ஆகும்.

இரண்டாம் ஆண்டுப் படிப்புக்காக 2025 ஆகஸ்டில் அவள் மறுபடி புறப்பட்டாள். அதே விமான நிலையம், அதே வாயில். அவள் திரும்பிப் பார்த்து, நாம் ஏதோ சொல்வோமென்று நின்றாள். சென்ற ஆண்டு சொன்ன வாக்கியம் நாவின் நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "வயிறாரச் சாப்பிடு, அம்மா" என்றோம்.